அக்கா தெரிந்தெடுத்த கமரா

எங்கள் அக்கா அன்புவழிபுரத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தவர் அவர்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன். அக்காவின் இந்த நினைவு மலரில் என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைப் பொறுக்கும்படி கேட்கமாட்டேன்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அம்மாவின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அக்கா உப்புவெளியில் ஒரு விடுதியின் குசினியில் சமையல் வேலைக்குப் போனார். மணம் முடிக்கவில்லை. தனக்கென்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, வீடியோ கமரா.

அப்போது நான் வெளிநாட்டில், டோகாவில் வேலை. கடையில் கசெட் போடுவதும் இருந்தது, உள்ளேயே ஹார்ட் டிஸ்க் உள்ளதும் இருந்தது. அங்கே நின்றே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“கசெட் வேண்டாமடா. பாத்திட்டுத் தாறம் எண்டு கொண்டுபோய், அதுக்கு மேல சினிமாப் படம் அடிச்சுத் தருவினம் எங்கட சனம்.”

“மற்றதில எல்லாம் கமராவுக்குள்ளதான் அக்கா. கழட்ட ஏலாது.”

“அப்ப அதை வாங்கு. வயித்துக்குள்ள இருக்கிறதை ஆர் இரவல் கேக்கிறது?”

சொந்தக்காரர் நீங்கள் கமராவையே இரவல் கேட்பீர்கள் என்று அக்கா நினைக்கவில்லை.

விடுமுறையில் வந்தபோது கடற்கரையில் அவரை எடுத்தேன். சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அலைக்குள் நின்று, “என்னை எடாதை மூதேசி, கடலை எடு!” என்று கத்திச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் வேறொரு நாளும் கண்டதில்லை. அடுத்தமுறை வரும்போது ஓர்ஸ் ஹில்லில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் சீடியில் பதிவோம் என்றிருந்தோம்.

அதற்குள் உறவில் ஒரு கலியாணம். “ஒருநாளைக்குத்தானே அக்கா” என்று வாங்கிப் போனீர்கள். தாலி கட்டும் நேரம் இடமில்லை என்று கமரா காட்டியது. உள்ளே இருந்ததை முழுக்க அழித்தீர்கள். அதே மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா சொல்லக் கேட்டு நான் தொலைபேசியில் கத்தினேன்.

“கலியாண வீட்டில சண்டை பிடிக்கலாமே தம்பி? விடு.”

அவர் விட்டார். நான் விடவில்லை.

சிறுநீரகம் பழுதாகி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறைவைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் விடுதிக் குசினிப் பெண்கள். கிண்ணியாவிலிருந்து அங்கே மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா தன் வாகனத்தில் ஏற்றி இறக்கினார். அவர்களை நாங்கள் சாகும்வரை மறவோம்.

அக்காவின் செத்தவீட்டில், “அக்காவின்ர வீடியோ ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டவர்களுக்குப் பதில்: இருக்கிறது. கமராவைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கலியாணப் படத்தில் ஒரு இடத்தில் பலகாரத் தட்டோடு வருகிறார். கமராவைக் கண்டு சிரிக்கத் தொடங்குகிறார்.

“அக்கா, மறைக்குது. தள்ளி நில்லுங்கோ.”

அக்கா தள்ளிப் போகிறார். பிறகு வரவேயில்லை.

எங்களிடம் மிஞ்சிய அக்கா அவ்வளவுதான். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்த மலர் இப்போது அந்த ஆளின் கையிலும் இருக்கிறது. வந்திருந்த எல்லோருக்கும் நன்றி சொல்வது முறை. அவருக்குச் சொல்ல என்னால் ஏலாது.