நாலாவது போல்ட்

மனைவிக்கு இடுப்பு வலி. எங்கள் பழைய காரில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் அழுதுவிடுவாள். அதனால் வேறொரு பெரிய காரின் சீட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, வீட்டு வாசலில் வைத்து நானே மாட்டினேன். காலையிலிருந்து மூன்று போல்ட்தான் ஏறியது. நாலாவது ஓட்டை மட்டும் ஒரு விரல் தள்ளி இருந்தது.

எதிர்த் தோட்டத்துக்குத் திராட்சை ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குட்டையான ஆள், கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. கூப்பிடாமலே வந்து சீட்டை ஆட்டிப் பார்த்தார்.

“இதுல ஆருண்ணே உக்காரப் போறாக?”

“வீட்டுக்காரி.”

“அப்ப மூணு பத்தாதுண்ணே. பிரேக் அடிச்சா சீட்டோட போயிருவாக.”

“மெதுவாத்தான் ஓட்டுவேன்.”

“எதுக்க வாரவன் மெதுவா வருவானா?”

சொல்லிக்கொண்டே மூன்று போல்ட்டையும் கழற்றிவிட்டார். காரில் முதலில் இருந்த சீட்டையே திரும்பத் தூக்கி வைத்து, நாலு போல்ட்டையும் விரலாலேயே கடைசிவரை திருகி, அதன் பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். என் ஒரு நாள் வேலை அரை மணியில் போனது. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வாங்கிய சீட் வாசலிலேயே கிடக்கிறது. மனைவி அதில் உட்கார்ந்துதான் மொச்சை உரிக்கிறாள், வலியே இல்லை என்கிறாள். காரில் ஏறினால் அழுகிறாள். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் கோபம் வரும்போதெல்லாம் ரோட்டில் எதிரே ஒரு லாரி வேகமாக வந்துவிடுகிறது.