சக்கரம் சிட்லபாக்கத்தில், பிரேம் தாம்பரத்தில்

போன மாதம் என் சிவப்பு சோவியத் ரேஸ் சைக்கிளைப் பற்றி இங்கே எழுதியதை ஊர் உலகமே படித்தது. கமெண்ட் போட்டது மட்டும் ஒரே ஒருவர். "அந்த வண்டியை ஓட்டியது ரஷ்ய சாம்பியன் இல்லை. நான். அதன் சக்கரங்கள் இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. ரெஜினா, சிட்லபாக்கம்." இந்தப் பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான். போனது நேற்று, வியாழக்கிழமை. போக வர மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய் வந்தவன் நான். ஆனால் இவ்வளவு தூரம் எங்கும் போனதில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கு தாம்பரத்தில் முப்பது வருடமாகக் கிரைண்டர், மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் எட்டாவது வரைக்கும்தான். மிச்சத்தை இரும்பிடம் படித்துக்கொண்டேன். பழைய சோவியத் ரேஸ் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர்த் தொழிற்சாலை என்று சொல்லக்கூடியவர்கள் தென்னிந்தியாவில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவரை இதுவரை சந்திக்கவில்லை. என்னிடம் பதினொரு வண்டிகள் இருக்கின்றன. அதில் முழுதாக நிற்பவை மூன்று. மற்றவை இனிமேல் நிற்கும். என் மனைவி மல்லிகா, நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வாள். பத்து என்றால் ஐந்து. கல்யாணம் ஆன புதிதில் ஆரம்பித்த பழக்கம். என்னைத் திருத்துவதைவிட இது சுலபம் என்று அவள் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

சிவப்பு வண்டியின் பிரேம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. ஒரு டைப்ரைட்டருக்கும் ஓட்டை மிக்சி ஜாருக்கும் நடுவில் படுத்திருந்தது. ஹேண்டில்பார், பெடல், செயின் எல்லாம் இருந்தன. சக்கரங்கள் மட்டும் இல்லை. 2,200 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பெயிண்டை உரித்தேன். மூன்று நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பள்ளம் பிசிறு இருந்த இடமெல்லாம் மெட்டல் புட்டி அடைத்தேன். ப்ரைமர், மேலே மூன்று கோட் சிவப்பு, அசலில் இல்லாத ஒரு தங்க நட்சத்திரம். செலவு 3,400. அந்த வண்டியில்தான் நிக்கோலாய் என்கிற சாம்பியன் மாஸ்கோ பனியில் பறந்தார் என்று எழுதியிருந்தேன். நிக்கோலாயை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தேய்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் அந்த வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்றும் அறிவித்துவிட்டேன். இருபது பேர் போனில் கூப்பிட்டு வருகிறேன் என்றார்கள். அந்த நேரத்தில் என்னிடம் சக்கரம் இல்லை. கடையில் விற்கும் சக்கரத்தைப் போட்டால் பிரேக் எட்டாது. அசலுக்கு அசல்தான் வேண்டும்.

ரெஜினா அம்மாவுக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். மெசேஜ் வந்தது. வண்டியைக் கொண்டு வாருங்கள், என் வண்டிதானா என்று பார்க்க வேண்டும், என் வண்டியானால் மட்டும் சக்கரம் உண்டு, வேறு வண்டிக்குப் போட விடமாட்டேன். கீழே இன்னொரு வரி: வரும்போது குரோம்பேட்டையில் தோல் ஒட்டுகிற பசை ஒரு டப்பா வாங்கி வாருங்கள், உண்மையிலேயே என் வண்டியாக இருந்தால் தேவைப்படும்.

காலை ஏழு மணிக்குப் பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு புது ரேஸ் டயர் பையில். ஆன்லைனில் ஒன்று 1,450. தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. பச்சைமலை இருக்கும் இடத்தில் மலை இல்லை, வெள்ளையாக ஒரு மூச்சு மட்டும் நின்றது. ஸ்டேஷன் நடை மேம்பாலத்தில் எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள் கரைந்து, இறங்கும் படியில் மறுபடி உருவாகி வந்தார்கள். டிக்கெட் ஐந்து ரூபாய். 7.20 வண்டியில் வெண்டர் பெட்டியில் ஏறினேன். நீளமான சாமான் இருந்தால் நீங்களும் அதில்தான் ஏற வேண்டும்.

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா பிரேமை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாண்ணா, ரெண்டு சக்கரத்தையும் எவனாவது கயட்டிகினு பூட்டானா?"

"சிட்லபாக்கத்துல கீதுக்கா. எடுக்கத்தான் போறேன்."

"அது அங்க இன்னா பண்ணிகினு கீது?"

நியாயமான கேள்வி. ரஷ்யாவில் செய்த சக்கரம் சிட்லபாக்கத்தில் என்ன செய்துகொண்டிருக்கும்? சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே மரங்கள் பனியில் வெள்ளையாக நின்றன. கொஞ்ச நேரம் நான் மாஸ்கோவில் இருந்தேன். நிக்கோலாய் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார், வாயிலிருந்து புகை. குரோம்பேட்டையில் ரயில் நின்றதும் காணாமல் போய்விட்டார். எட்டு நிமிஷப் பயணம்.

செருப்பு, பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அதுவரை ஜிஎஸ்டி ரோடு ஓரத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. 75 ரூபாய். கால் லிட்டர் பசை 140. எதை ஒட்ட என்று கடைக்காரர் கேட்டார். சைக்கிள் டயரை என்றேன். அவர் சிரித்துவிட்டு மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ரேஸ் டயர் சாதாரண டயர் மாதிரி விளிம்பில் கவ்விக்கொள்ளாது. டியூபை உள்ளே வைத்துத் தைத்த குழாய் மாதிரி இருக்கும், ரிம்மின் மேல் பசை போட்டு ஒட்ட வேண்டும். நான் பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டலாம் என்றிருந்தேன். அது வெயிலில் உரிந்துவிடுமாம்.

அங்கிருந்து ஆட்டோ. இரண்டு கிலோமீட்டர், 90 ரூபாய். பிரேமுக்குத் தனியாக இருபது கேட்ட டிரைவரிடம் இது சாம்பியன் ஓட்டிய வண்டி என்று சொன்னேன். "அப்ப நாப்பதா குடு சார்" என்றார். இருபதில் முடிந்தது.

ரெஜினா டீச்சர் ஏரிக்கரைச் சாலையில், தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். அறுபத்திரண்டு வயது. பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலை மடக்காமல் நடந்து வந்து கேட்டைத் திறந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்க சார். நிக்கோலாய் வரலையா?"

இரண்டு சக்கரங்களும் வாஷிங் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கின. ஒரு துரு இல்லை. காற்று பட்டாலே சுற்றும் போல இருந்தன. அவர் சொன்ன கதை இது. எண்பதுகளில் இங்கே ஒரு சைக்கிள் பயிற்சி முகாம் நடந்தது. ரஷ்யாவிலிருந்து பத்து ரேஸ் வண்டிகள் வந்தன. இவருக்கு அப்போது பத்தொன்பது. ஒன்றில் இரண்டு வருடம் ஓட்டினார். முகாமை மூடியதும் சாமான்களைக் கழற்றி, சக்கரம் தனியாக, பிரேம் தனியாக ஏலம் விட்டார்கள். கையில் இருந்த பணம் சக்கரத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் பிரேமுக்குப் போனபோது அது போய்விட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை முழங்கால் ஆபரேஷன். அதற்குள் ஒரு தடவை, இந்தக் காலோடேயே அதில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க டீச்சர்? பத்து வண்டியும் ஒண்ணு மாதிரிதானே இருந்திருக்கும்?"

"அதான் சார் பிரச்சினை. கூட இருந்த பொண்ணுங்க நல்ல வண்டியா பாத்து மாத்தி எடுத்துட்டுப் போயிடுவாளுங்க. நான் முக்கோண அரத்தை வெச்சு சீட்டுக்குக் கீழ வர்ற குழாய்ல, அடியில, பின்பக்கமா மூணு கீறல் போட்டு வெச்சேன். கோச்சுக்குத் தெரிஞ்சிருந்தா என்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பார்."

பிரேமைத் தலைகீழாக நிறுத்தினோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் அந்தக் குழாயை மெதுவாகத் தடவினார். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. என் மூன்று கோட் சிவப்பு, பளிங்கு மாதிரி வழுக்கியது.

"இல்ல சார்" என்றார். "இது என்னுது இல்ல. நீங்க எழுதின மாதிரி ரஷ்யாக்காரர் வண்டியாத்தான் இருக்கும். உக்காருங்க, டீ போடறேன்." சமையலறைக்குள் போகும்போது அந்தக் கால் முன்னைவிடக் கனமாக நடந்தது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டபோது அதே இடத்தில் வரிசையாக மூன்று வெட்டுகள் இருந்தன. எவனோ ரம்பத்தால் கீறியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே புட்டி வைத்து அடைத்தவன் நான். அந்த இடம் தெரியவே தெரியாது என்று போன பதிவில் பெருமையாக எழுதியும் இருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

டீ கொதிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுக் கொய்யா மரத்தின் வழியே வந்த வெளிச்சம் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தால் பெயிண்ட் பிழைக்கும், நிக்கோலாய் பிழைப்பார். சக்கரம் கிடைக்காது. ஆனால் சக்கரம் வராததற்கு வண்டலூர் வாசலில் அரைமணி நேரம் கதை சொல்ல என்னால் முடியும். பனியில் நிக்கோலாய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அழகான மனிதர்.

"டீச்சர்," என்றேன், "வீட்டுல பழைய பிளேடு ஏதாவது இருக்குமா?"

தேங்காய் துருவியும் ஒரு பிளேடும் கொடுத்தார். பிளேடை எடுத்துக்கொண்டேன். என் வேலை லேசில் உரியாது, அதைப் பெருமையாகவே சொல்கிறேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. சிவப்பு உரிந்தது, சாம்பல் நிற ப்ரைமர் உரிந்தது, புட்டி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் கோணல்.

அவர் தரையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்துவிட்டார். மூன்று கீறலிலும் ஒவ்வொன்றாக நகத்தை வைத்துப் பார்த்தார்.

"மூணாவது போடும்போது யாரோ வந்துட்டாங்க. அதான் கோணல்."

பிறகு வேலைதான். பசையை ரிம்மில் ஒரு கோட், இருபது நிமிஷம் காய விட்டு இன்னொரு கோட். டயரை மேலிருந்து இரண்டு பக்கமும் இழுத்து இறக்கும் வித்தை அவருக்கு இன்னும் கையில் இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். முறைப்படி ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். மெதுவாக ஓட்டுவதற்கு நாலு மணி நேரம் போதும் என்றார். நடுவில் தயிர் சாதமும் நெல்லிக்காய் ஊறுகாயும்.

மாலை 4.40. ஏரிக்கரைச் சாலை. வெயில் தண்ணீரில் படுத்திருந்தது. மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்குத் தாழ இறங்கிக்கொண்டிருக்க, அதே விமானம் ஏரிக்குள்ளும் சத்தமில்லாமல் போனது. சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், சொன்னதும் விட்டுவிடுங்கள் என்றார். இருபது அடி கூடவே ஓடினேன். நான் ஓடி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியாது.

"விடுங்க சார்."

விட்டேன். வலது கால் முழுச் சுற்று வரவில்லை. இடது காலால் மிதித்து, வலதை மேலே கொண்டுவந்து, மறுபடி இடது காலால். ஆனால் முதுகு தாழ்ந்தது. கை தானாகப் போய் ஹேண்டில்பாரின் வளைந்த அடிப்பக்கத்தைப் பிடித்தது. வாக்கிங் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். சங்கிலி வெட்டுக்கிளி மாதிரி ஒரே சீராகச் சத்தம் போட்டது. வளைவு வரை போய்த் திரும்பி வந்தார், நிற்கவில்லை, மறுபடி போனார். போன் கணக்குப்படி ஒரு நடை அறுநூறு மீட்டர். என் பதினொரு வண்டிகளில் எதையும் யாரும் இப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. நானும் ஓட்டியதில்லை.

இரண்டாவது முறை வந்து நின்றபோது முகமெல்லாம் வியர்வை. "போதும் சார், வலிக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போங்க. வாக்கு குடுத்திருக்கீங்க இல்ல" என்றார்.

நான் எடுத்து வரவில்லை. ஆபரேஷன் ஆன பிறகு சைக்கிள் மிதிக்கச் சொல்வார் டாக்டர். வண்டி எங்கே இருக்க வேண்டும் என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வந்தேன். நான் உரித்த அந்த மூன்று அங்குலத்துக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா என்றேன். கையை வைத்தால் வெட்டிவிடுவேன் என்றார்.

இனி, உங்களுக்கு உபயோகமாகச் சில வார்த்தைகள். பழைய ரேஸ் சைக்கிள் வாங்கினால் பெயிண்டை உரிப்பதற்கு முன் ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுங்கள். புட்டி டப்பாவை ஒரு மாதம் திறக்காதீர்கள். துரு எது, மனுஷர் எது என்று தெரிய அவ்வளவு நாள் ஆகும். தோல் பசையை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பூசுங்கள், தலை சுற்றும். பயணத்துக்கு ஆட்டோ, டிக்கெட், சாப்பாடு, பசை எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொண்டால் மிச்சம் வரும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டலூர் வாசலுக்கு வண்டி வராது, நான் வருவேன். நிக்கோலாய் என்று ஒருவர் இல்லை என்பதை நேரில் சொல்லிவிட்டு, வருகிற எல்லோருக்கும் டீ வாங்கித் தருகிறேன்.

இரவு ஏழு மணிக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். வண்டி எங்கே என்று மல்லிகா கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தக் காலோடு ஏரிக்கரையில் இரண்டு தடவை போய் வந்தார் என்றேன்.

"சரி, ஒரு தடவை" என்றாள் அவள், தட்டை வைத்துக்கொண்டே. "அதுவே பெரிசுதாங்க."

"மல்லிகா. ரெண்டு."

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நகக்கண் பத்திலும் சிவப்புப் பெயிண்ட் ஏறியிருந்தது.

"சரி" என்றாள். "ரெண்டு."