வாசற்படியில் நின்ற ஃபைவிஷ்

ஃபைவிஷ் ஐம்பது வருஷத்துக்கு மேல் க்ராவ்னிக் யூத ஜெபக்கூடத்தைப் பெருக்கினார். முதல் முப்பத்தொன்பது வருஷம் அது ஒரே கூடம். அதற்குப் பிறகு இரண்டு.

வாரிசு யாரென்று சொல்லாமல் கூடத்தின் குருவான பழைய ரப்பி கண்ணை மூடியதுதான் காரணம். கடைசி மூச்சில் அப்பா தன்னைத்தான் பார்த்தார் என்றார் மூத்த மகன் ஊஷர். பார்த்தது வாஸ்தவம், ஆனால் இருமியது என் பக்கம் திரும்பி என்றார் இளையவர் பின்யே. பார்வை பெரிதா இருமல் பெரிதா என்று ஜெருசலேமின் அந்தச் சந்தில் ஒரு வருஷம் சுவரொட்டிச் சண்டை நடந்தது. இரண்டு பேருமே ரப்பி ஆனார்கள். ஒருநாள் ஆசாரி வந்து கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு அடித்துவிட்டுப் போனான். பாகம் பிரித்ததில் தோரா வேதச் சுருள்கள் இருந்த பெட்டகம் ஊஷர் பக்கம் போயிற்று, மண்ணெண்ணெய்க் கணப்பு பின்யே பக்கம் போயிற்று. கோடையில் பார்த்தால் ஊஷர் கட்சிதான் ஜெயித்தது என்று தோன்றும். குளிர்காலத்தில் அப்படித் தோன்றாது.

பிரிக்க முடியாமல் போனது ஃபைவிஷ் ஒருவரைத்தான். அவருக்காகத் தடுப்பில் ஒரு கதவு வைத்தார்கள். அவர் வாளியும் துடைப்பமுமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தார். அதனால் இரண்டு பக்கத்துக்கும் அவர்மேல் சந்தேகம்.

"நேத்து அந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்னியாமே?" என்பார் மீன் விற்கும் லைஸர். அவர் ஊஷர் கட்சி.

"பல்பு போச்சு, மாத்தினேன்."

"அவங்களுக்கு வெளிச்சம் போனா உனக்கென்னய்யா? அது போயிப் பதினோரு வருஷமாச்சு."

அந்தப் பக்கம் புத்தகம் தைக்கும் ஹேஸ்கல் காத்திருப்பார். "மீன்காரன் என்னமோ சொன்னானே, என்ன சொன்னான்?"

"பல்பைப் பத்தி."

"பொய். அவன் பல்பைப் பத்திப் பேசினா அதுலயும் ஒரு உள்குத்து இருக்கும்."

இதையெல்லாம் ஃபைவிஷ் வீட்டுக்குப் போய் மனைவி ப்ரைண்டலிடம் ஒப்பிப்பார். அவள் சிரித்துவிட்டு, "உங்க ரெண்டு ராஜாங்கத்துக்கும் ஒரே துடைப்பம், மறந்துடாதீங்க" என்பாள். மாடியில் பெண்கள் தொழும் மாடத்துக்கும் தடுப்பு அடிக்க ஆசாரி பலகையைத் தூக்கிக்கொண்டு படியேறிய அன்றைக்கு, மேல்படியில் இடுப்பில் கைவைத்து நின்றவள் அவள்தான். "கொண்டா, கொண்டா. சோலன்ட் குழம்பு வேகவைக்க விறகு இல்லையேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்" என்றாள். ஆசாரி அப்படியே இறங்கிவிட்டான். மாடம் ஒன்றாகவே இருந்தது. அங்கிருந்து பெண்கள் இரண்டு பக்கத்துத் தொப்பித் தலைகளையும் ஒருசேரப் பார்த்தார்கள்.

ப்ரைண்டல் ஒரு குளிர்காலத்தில், யூதக் கணக்குப்படி தேவேத் மாதம் பதினேழாம் தேதி, இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. ஆண்டு நினைவு நாளில் இறந்தவருக்கான கதிஷ் ஜெபத்தைச் சொல்ல வேண்டியவர் கணவர்தான். கதிஷ் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். தனியாக நின்று அழலாம், கதிஷ் சொல்ல முடியாது.

முதல் நினைவு நாளுக்கு முந்தின மாலை பனி கொட்டத் தொடங்கியது. ஜெருசலேமுக்குப் பனி எப்போதாவது வரும் விருந்தாளி. வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அன்றிரவு ஜெபத்துக்கு நாலு பேர். காலையில் ஏழு பேர். ஃபைவிஷ் முழங்கால் வலியோடு பக்கத்துச் சந்துகளின் இரண்டு ஜெபக்கூடங்களுக்கு நடந்து பார்த்தார். இரண்டும் பூட்டிக் கிடந்தன. மிஞ்சியது பிற்பகல் ஜெபம் மட்டும். சூரியன் விழுந்தால் நாள் முடிந்தது, அப்புறம் அடுத்த வருஷம்தான். எழுபத்து நாலு வயதில் அடுத்த வருஷத்தை யார் கையில் கொடுத்துவைப்பது?

நாலு மணிக்குக் கூடத்தில் ஆள் சேர்ந்தது. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது, கண்பட்டுவிடும். பத்துச் சொல் உள்ள ஒரு எபிரேய வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பதுதான் வழக்கம்: உம்முடைய ஜனத்தை இரட்சித்து, உம்முடைய சொத்தை ஆசீர்வதியும் என்று அதன் பொருள் போகும். ஃபைவிஷ் ஊஷர் பக்கம் சொல்லிப் பார்த்தார். எபிரேயத்தில் ஆறாவது சொல்லான 'சொத்தை' என்பதில் ஆள் தீர்ந்துபோயிற்று. பின்யே பக்கம் போனார். அங்கே மூன்றாவது சொல்லான 'ஜனத்தை' என்பதிலேயே நின்றுவிட்டது. இரண்டு ரப்பிகளும் இதில் அடக்கம். ஆறும் மூன்றும், தன்னையும் சேர்த்தால், கணக்கு சரியாக வந்தது. நடுவில் பலகை மட்டும் இல்லாதிருந்தால்.

"லைஸர், எல்லாருமாக் கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து நில்லுங்களேன். ப்ரைண்டலுக்காக."

"ப்ரைண்டலுக்காக உசிரைக் கேளு, தர்றேன். அந்தப் பக்கம் மட்டும் வரச் சொல்லாதே."

ஹேஸ்கலிடம் போனார்.

"அவங்க இங்க வரட்டும். இங்க கணப்பு இருக்கு. எங்களுக்கு ஒண்ணும் மனசு சின்னது இல்ல."

"அவங்க ஆறு பேருய்யா. நீங்க மூணு பேரு."

"சத்தியத்தோட பக்கம் எப்பவும் ஆள் கம்மிதான்."

ரப்பி ஊஷர் பெட்டகத்தருகே போர்வைக்குள் நடுங்கியபடி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பி பின்யே கணப்பருகே வியர்த்தபடி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் காதிலும் எல்லாம் விழுந்தது. இருவரும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

பழைய ரப்பி இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டம் சொல்லிக்கொடுத்த காலத்தில், மேசைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஃபைவிஷ். அப்படிக் குனிந்தபடியே கேட்ட ஒரு விதி இப்போது ஞாபகம் வந்தது. சிலர் உள்ளே, சிலர் வெளியே இருந்து, முன்நின்று ஜெபிப்பவன் வாசற்படியில் நின்றால், எல்லாரும் ஒரே கூட்டம். நினைவு நாள் உள்ளவர்தான் முன்நின்று ஜெபிப்பார். ஒரே ரப்பி இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பார். இரண்டு ரப்பி இருந்தால் இரண்டு பதில் வரும், அதற்குள் பொழுதும் சாய்ந்துவிடும். ஃபைவிஷ் கேட்கவில்லை. கதவை அகலத் திறந்து படியில் ஏறி நின்றார். வலது தோள் ஊஷர் பக்கம், இடது தோள் பின்யே பக்கம்.

"யோவ், கதவைச் சாத்து! சூடெல்லாம் அங்க போகுது!" என்று ஹேஸ்கல் கத்தினார்.

"சாத்தாதே ஃபைவிஷ், இப்பத்தான் விரல் அசையுது" என்றார் லைஸர்.

"எங்க மண்ணெண்ணெய்ல குளிர் காயறான் பாரு!"

"கடவுளோட காத்துய்யா அது. பட்டா இருக்கா உங்கிட்ட?"

ஃபைவிஷ் இருவரையும் பார்க்காமல் ஜெபத்தின் முதல் துதிப்பாடலைத் தொடங்கினார். பத்துப் பேர் இருந்தால் மட்டுமே சொல்லக்கூடிய இடம் வந்தது. முதல் வரியைச் சொல்லி நிறுத்தினார். இனி 'ஆமென்' வர வேண்டும். ஒரு பக்கம் சொல்லி மறுபக்கம் வாயடைத்து நின்றால் அது கூட்டம் ஆகாது.

லைஸர் ரப்பி ஊஷரைப் பார்த்தார். ஹேஸ்கல் ரப்பி பின்யேயைப் பார்த்தார். ரப்பிகள் புத்தகத்தைப் பார்த்தார்கள். விதி இருவருக்கும் தெரியும். ஆமென் சொன்னால் பதினோரு வருஷத்துக்குப் பிறகு தம்பியோடு, அண்ணனோடு, ஒன்றாகத் தொழுததாகிவிடும் என்பதும் தெரியும்.

மேற்கு ஜன்னலில் வெளிச்சம் செம்மஞ்சளாகியது. வாழ்நாளில் யாரையும் காக்கவைத்துப் பழக்கமில்லாத மனிதர் ஃபைவிஷ். அடுத்த வரிக்கும் போகாமல், படியிலிருந்தும் இறங்காமல் நின்றார். முழங்கால் துடித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஊஷர் தொண்டையைச் செருமினார். அதைக் கேட்டு பின்யேயும் செருமினார். அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது ஆமென். இருவருமே அதை அப்பா இழுப்பதுபோல நடுவில் சற்றே ஏற்றி இழுத்தார்கள். பிறகு ஏழு குரல்கள் அதன்மேல் வந்து விழுந்தன.

கடைசியில் ப்ரைண்டலுக்கான கதிஷை ஃபைவிஷ் அவசரமில்லாமல் சொன்னார். அத்தனை மெதுவாக யாரும் கதிஷ் சொல்லிக் கேட்டதில்லை என்று அப்புறம் லைஸர் குறைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஆமெனுக்கும் ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். சொல்லி முடித்தபோது ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம் பாக்கி இருந்தது.

பனி உருகுவதற்குள் சந்தில் இரண்டு சுவரொட்டிகள் வந்துவிட்டன. வழிதவறிய மூன்று பேரை நம் ரப்பி பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார் என்றது ஒன்று. குளிரில் விறைத்த ஆறு பேரை நம் ரப்பி காப்பாற்றினார் என்றது மற்றது. ஹேஸ்கல் ஃபைவிஷை வழிமறித்தார்.

"உண்மையைச் சொல்லு. உன் பாதம் எந்தப் பக்கம் அதிகமா இருந்துச்சு? அந்தப் பக்கம்தான் கூட்டம்."

"ஆமா, சொல்லு" என்றார் பின்னாலேயே வந்த லைஸர்.

"காலு மரத்துப்போச்சுய்யா. எது எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. அடுத்த வருஷம் அதே நாள் அங்கதான் நிப்பேன். வந்து அளந்து பாத்துக்கோங்க."

அடுத்த தேவேத் பதினேழாம் தேதி பனி இல்லை. இரண்டு பக்கத்திலும் பத்துக்கு மேலேயே ஆள் இருந்தது. கதவைத் திறந்து படியில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபைவிஷ் திறந்து நின்றார். ஹேஸ்கல் நிஜமாகவே அளவு நாடா கொண்டுவந்திருந்தார். அதை ஒரு ஆளாகப் பிடிக்க முடியவில்லை. லைஸர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.