குண்டுவிமானத்துக்குத் துணி தைத்தவள்

பழம்பொருள்களைப் பழுதுபார்த்துக் காப்பது, நோயாளி எழுந்து நடக்கப்போவதில்லை என்று தெரிந்தே பார்க்கிற வைத்தியம். இத்தொழிலில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வைட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு தனியார் காட்சியகத்தில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கைகள். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி, அது விறைத்து நிற்க மெருகு பூசியிருக்கும். இந்த மழைக்காலத்தை இறக்கைகள் தாங்கினால் விமானம் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார்.

ஒரு விரல்

அலுவலகக் குழுவோடு வந்த இளைஞர் ஒருவர், கயிற்றுத் தடுப்பைத் தாண்டிக் கீழிறக்கையை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. அதை வெளியே எடுக்காமலேயே என்னை அழைத்தார். நான் மெல்ல விடுவித்து, கிழிசலை அளந்து, ஒட்டுத்துணி வெட்டத் தொடங்கினேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "துணின்னு வெளியில போர்டு வெச்சிருக்கணும் மேடம். ப்ளேன்னா யாரா இருந்தாலும் இரும்புன்னுதான நினைப்பாங்க?"

கூரை

முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. இறக்கைகளின் தையல் வழியே நீர் உள்ளே இறங்கியது. தார்ப்பாய் கட்டச் செய்துவிட்டு, காட்சியக மேலாளர் மஞ்சுநாத்திடம் முறையிட்டேன். அவர் கெட்டவரல்லர், உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, முழுவதும் கேட்டார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். ஆகாசத்துல பறந்த வண்டி, மழைய பாக்காமலா இருந்திருக்கும்?"

டீச்சரின் வேண்டுகோள்

காக்ஸ் டவுன் பள்ளியிலிருந்து மாணவிகளை அழைத்துவந்த ஸ்டெல்லா டீச்சர், இது யார்மேல் குண்டு போட்டது என்று கேட்டார். அடங்காத மலைக் கிராமங்களின்மேல் இந்த வகை விமானங்களை அன்றைய வெள்ளைக்கார அரசு ஏவியது என்றேன். ஊரைக் காலி செய்யும்படி முதலில் துண்டுத்தாள் போடுவார்கள், பிறகு குண்டு. "ஓட முடியாதவங்க என்ன பண்ணாங்க மிஸ்?" என்றாள் ஒரு மாணவி.

இப்படிக் கேட்க ஒருத்தி இருக்கிறவரையிலாவது இது இங்கே நிற்க வேண்டும், அதற்காகத்தான் தைக்கிறேன் என்றேன். டீச்சர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நிக்கட்டும் மேடம். ஆனா அழகாத் தெரியிற மாதிரி தைக்காதீங்க."

அடைபட்ட துளைகள்

இறக்கையின் அடிப்புறத் துணியில், உள்ளே சேரும் நீர் வடிவதற்காகச் சிறு துளைகளை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் போய்த் திரும்பியபோது, கீழிறக்கை கர்ப்பிணியின் வயிறுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. துளை ஒவ்வொன்றின்மேலும் வட்டமான ஒட்டு, மிக நேர்த்தியாக.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் எங்கள் தச்சர் ஜோசப் தையலைப் பிரித்தார். தண்ணீர் கொட்டியது, கூடவே, பசை விட்டுப் பிரிந்த மரச்சட்டங்களும் வந்தன. "துணி நல்லாத்தான் இருக்கு மேடம். உள்ள மரந்தான் போச்சு" என்றார். சத்தம் கேட்டு வந்த மஞ்சுநாத்தின் முகத்தில் பெருமை இருந்தது: "நீங்க இல்லாதப்ப ஒரு ஓட்டை விடாம நானே அடைச்சேன் மேடம். உங்களுக்கு ஒரு ஹெல்ப்பா இருக்கட்டும்னு."

புதிய பெயர்

உரிமையாளர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் நிறுத்துவதற்காக விமானத்தை எடுத்துப்போக, அங்கிருந்து ஒருவர் வந்தார். துணியை உரித்துவிட்டுத் தகரம் அடிப்பார்களாம், மஞ்சள் வண்ணம் பூசுவார்களாம். இது என்ன செய்த விமானம் என்று ஒரு வரியாவது அருகில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மரியாதையாகவே மறுத்தார்: "பாம்பர்னு போட்டா ஃபேமிலிங்க பயப்படுவாங்க மேடம். நாங்க 'தும்பி'ன்னு பேர் வெச்சிருக்கோம்."

இத்தனை வருடப் பாதுகாப்புப் பணியில் சேதமின்றிப் பாதுகாக்கப்பட்டது, ஏணியில் ஏறி இறங்கி நான் சம்பாதித்த முழங்கால் வலி ஒன்றுதான்.