தவளையின் மாஸ்க்கில் ஒரு முடி

தண்ணீருக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் எங்கள் ஸ்கூபா பள்ளியின் ஆண்டு மலருக்காக என் ஓர்ப்படியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். "வீட்லயும் ஒண்ணா இருக்கீங்க, வேலையிலயும் ஒண்ணா இருக்கீங்க. உங்களைவிட அவங்களை யாருக்குத் தெரியும்?" என்றார். எழுதிக் கொடுத்தேன். உழைப்பாளி, அமைதியானவர், அது இது என்று அச்சாகியும் விட்டது. அதில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. பள்ளியில் அவளுக்குத் தவளை என்று பெயர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை வாயைத் திறந்தால்தானே கெடுவதற்கு! பெயர் வந்தது அவள் காலால். நாங்களெல்லாம் ஃபின் என்கிற ரப்பர்த் துடுப்பு மாட்டிய காலை மேலும் கீழும் அடித்து நீந்துவோம். அவள் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, அகட்டி, பின்னால் தள்ளிச் சேர்ப்பாள். சேர்த்த பிறகு சும்மா இருப்பாள். அப்படிச் சும்மா இருப்பதுதான் வித்தை. உடம்பு தானே வழுக்கிக்கொண்டு போகும், அடியில் கிடக்கும் சேறு இம்மிகூட அசையாது.

எட்டு வருடம் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடித்தவள். அந்தப் பிரிவை மூடியதும், கொழுந்தன் லாரியோடு போனால் பத்து நாள் வரமாட்டாரே, பாவம் தனியாகக் கிடக்கிறாளே என்று இங்கே சேர்த்துவிட்டவள் நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி மாஸ்க்குகள் இருக்கும் அறை பதினோரு வருடமாக என் பொறுப்பு. வருகிறவர் முகத்தைப் பார்த்ததுமே எந்த அலமாரி என்று சொல்லிவிடுவேன். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் அது அவருடைய மாஸ்க். மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே வாசலின் தடவி அனுப்புவேன். தவளைக்குக் குறுகலான முகம். பதினாலு மாஸ்க் விழுந்து, பதினைந்தாவதாகச் சிறுவர் அலமாரியில் இருந்த ஒன்று ஒட்டியது. தேடி எடுத்துக் கொடுத்த கை இந்தக் கைதான்.

ஆழமில்லாத தொட்டியில் புதியவர்களுக்குக் கைபிடித்து உதவுவதுதான் அவள் வேலை. மூன்றே வருடத்தில் வருகிறவர்கள் எல்லாம், "தவளை மேடம் இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் மாமியார் தண்ணீரையே எட்டிப் பார்க்காதவர். அவர்கூட, "சின்னவ நீந்தினா தண்ணிக்கே தெரியாதாமே!" என்றார். என் வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் அந்த உதையைப் பழகினேன். மதிய நேரத்தில் கட்டிலில் குப்புறப் படுத்து, காலை வெளியே நீட்டித் திருப்புவேன், அகட்டுவேன், சேர்ப்பேன். ஒரு நாள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன, கனவுல யாரையாவது உதைக்கிறியா?"

"கனவுல இல்ல" என்றேன்.

அப்போதுதான் வழிகாட்டி வேலை ஒன்று காலியானது. ஆட்களைத் தண்ணீருக்குள் அழைத்துப் போகிற வேலை, ஒரே இடம். பதினோரு வருடம் கரையில் நின்று மற்றவர்களை இறக்கிவிட்டவள் நான். மனு போட்டது இரண்டே பேர், நானும் அவளும். பழைய கல்குவாரிக் குளத்தில் தேர்வு. அடித்தரையை ஒட்டிக் கட்டிய கயிற்றைத் தொடாமல், சேற்றைக் கிளப்பாமல், ஒரு சுற்று வர வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால், இறங்குவதற்கு முன் கூட வருகிறவர்தான் மாஸ்க்கின் ரப்பர் ஓரத்தைச் சுற்றி விரல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முடி அடியில் சிக்கியிருந்தாலும் போதும், அதன் வழியே தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

முதலில் அவள் எனக்குப் பார்த்தாள். நெற்றியோரம் ஒரு முடியை இழுத்துவிட்டாள். பிறகு கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். நான் விரல் ஓட்டினேன். இடது நெற்றிப்பொட்டருகே ஒரு முடி தட்டுப்பட்டது. விரல் அங்கே நின்றது. மாமியார் சொன்னது காதில் கேட்டது. விரலை எடுத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, எல்லாம் சரி என்று சைகை காட்டினேன்.

இறங்கினோம். கால்வாசிச் சுற்றிலேயே அவள் மாஸ்க்கில் தண்ணீர் மூக்குவரை ஏறிவிட்டது. மேல் விளிம்பை அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதி வெளியேற்றினாள். மறுபடி ஏறியது, மறுபடி ஊதினாள். ஏழு தடவை எண்ணினேன். கண் தெரியாமல் போனவளின் கால் மட்டும் எதையும் மறக்கவில்லை. திருப்பினாள், அகட்டினாள், சேர்த்தாள், சும்மா இருந்தாள்.

அவளையே பார்த்துக்கொண்டு வந்த என் முழங்கால் எப்போது மடங்கியதோ தெரியாது. சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் குளம் முழுக்கப் பாலில்லாத டீ நிறம். கயிறும் காலில் சுற்றிக்கொண்டது.

கரையேறியதும் தேர்வு வைத்த மாஸ்டர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரே அவளிடம் போய், சிவந்து கிடந்த கண்களைப் பார்த்தார்.

"மாஸ்க் இவ்வளவு ஒழுகுது. இறங்குறதுக்கு முன்னாடி யார் பாத்தது?"

நான் குனிந்து ஃபினைக் கழற்ற ஆரம்பித்தேன். வாயே திறக்காத தவளை அன்று திறந்தாள்.

"அக்கா சரியாத்தான் பாத்தாங்க மாஸ்டர். நான்தான் அப்புறம் கண்ணு அரிச்சுதுன்னு ஒரு தடவ கழட்டி மாட்டிக்கிட்டேன்."

கழற்றவே இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை அவளுக்குப் போனது. அதைக்கூட விட்டுவிடலாம். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாளே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் மாஸ்க் அறையில்தான் இருக்கிறேன். அவள் தினமும் ஆட்களோடு இறங்குகிறாள். விரல் ஓட்டிப் பார்க்கக் கரையில் நாலு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் தாண்டி என்னிடம் வந்து, கண்ணை மூடி முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் ஒன்றுக்கு மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். நான் பார்த்த பிறகு ஒரு தடவையாவது தன் விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறாளா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரே ஒரு தடவை என்னைச் சந்தேகப்பட்டால் போதும், என் மனம் ஆறிவிடும். படமாட்டேன் என்கிறாள், பாவி.