கசெற்றின் மற்றப் பக்கம்

இந்த நாட்டில் நூலகத்தில் பாட்டும் இரவல் தருவார்கள். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். புத்தகத்தைப் போலவே சீடியையும் கொண்டுபோய்க் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்கும்போது நூலகப் பெண்மணி அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, புதிய கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். லண்டன் லூயிஷாமில் என் முதல் குளிர்காலம் அது. அகதி வழக்கு முடியவில்லை, வேலை செய்யவும் அனுமதியில்லை. சூட்டுக்காகத்தான் அங்கே போய் இருப்பேன். சும்மா இருக்க வெட்கமாக இருந்ததால் ஒருநாள் கைக்கு வந்த சீடியை எடுத்தேன். அட்டையில் தண்ணீருக்குள் ஒரு கோபுரம். புரோகிரசிவ் மெட்டல் என்ற பாட்டுவகை எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

மொத்தம் நான்கே பாட்டுகள். அணைக்கட்டுக்காக ஓர் ஊரை மூழ்கடிக்கிறார்கள். சனம் வீடு வீடாக வெளியேறுகிறது. கடைசிப் பாட்டில் பத்தொன்பது நிமிடம் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. பாடுகிறவன் கத்துகிறான்தான், மறுக்கவில்லை. கிற்றார்கள் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல உறுமுகின்றன. ஆனால் ட்ரம்ஸ் அடிப்பவனைக் கவனித்துக் கேளுங்கள். ஏழு, ஏழு, பிறகு ஐந்து என்று எண்ணி அடிக்கிறான். தடுமாறிவிட்டான் என்று நாம் நினைக்கும்போது சரியான இடத்தில் வந்து விழுகிறான். மூன்றாம் நாள், தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே நானும் அந்த இடத்துக்கு அவனோடு ஒன்றாக வந்து சேர்ந்தேன். லண்டனில் நான் பிழையில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

என்னோடு அறையைப் பகிர்ந்தவர் பாலன் அண்ணை. பெற்றோல் நிலையத்தில் வேலை. பாட்டுக் கேட்கும் செற்றும் அவருடையதுதான். ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்று காதைப் பொத்தினார்.

“அங்க கேட்ட சத்தம் காணாதெண்டோ இஞ்சையும் எடுத்துவைச்சுக் கேக்கிறாய்?”

பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஷெல் குண்டு எண்ணி விழுவதில்லை. அடுத்தது எப்போது, எங்கே என்று தெரியாமல் பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்தவனுக்கு, அதே பெருஞ்சத்தம் ஒரு கணக்கோடு வருவது எவ்வளவு ஆறுதல் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம்தான் தம்பியின் கசெற் வந்தது. அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, கடிதமும் ஒழுங்காக வராது. யாராவது கொழும்புக்குப் போய் விமானம் ஏறினால், வீட்டார் கசெற்றில் பேசி அவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கத்தில் வீட்டாரின் பேச்சு இருக்கும். எங்கள் பதிலுக்காக மற்றப் பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். தம்பி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவில் றெக்கோடரை ஓடவிட்டபடியே பேசியிருந்தான். அவன் களைத்து மெதுவாக மிதித்த இடங்களில் நாடாவும் மெதுவாக ஓடியிருக்கிறது. இங்கே போட்டுக் கேட்கும்போது அந்த இடங்களில் குரல் வேகமாகிக் கீச்சிட்டது. பத்தொன்பது வயதுப் பொடியன் இடைக்கிடை பத்து வயதுக்குப் போய்ப் போய் வந்தான்.

“என்னை எப்பிடியாவது அங்க எடுங்கோ அண்ணை. இனி இஞ்ச இருக்கேலாது. மற்றப் பக்கத்தில ஓம் எண்டு மட்டும் சொல்லி அனுப்புங்கோ. அது காணும்.”

என்னையே திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாமல் இருந்தவன் நான். ஓம் என்றால் பொய். ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சீடியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கியபோது, ஒரு பின்னேரம், அந்த நான்கு பாட்டுகளையும் தம்பி விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் பதிந்தேன். வேறு கசெற் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மேசை லாச்சிக்குள் புதுக் கசெற்றுகள் இரண்டு கிடந்தன. பக்கம் நிறைந்துவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான் என் எண்ணம்.

ஆனால் பாட்டுகள் முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன. பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். மிஞ்சிய ஏழு நிமிடத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. மைக்கை இழுத்துவைத்து, பதியும் பொத்தானை அமத்தி, முன்னால் குந்தினேன். நாடா முடிந்து பொத்தான் தானாக மேலே வரும்வரைக்கும் ஒரு சொல்லும் வரவில்லை. கசெற்றை நான் அனுப்பவும் இல்லை.

ஐந்து கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து மாமா போன் எடுத்தார். மண்ணெண்ணெய் வரிசையில் தம்பி நின்ற இடத்தில் ஷெல் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான், நாள் எவ்வளவோ கடந்து, சீடியைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்மணி வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்ததா என்று கேட்டார். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. இதை என் தம்பியின் கசெற்றில் பதிந்துவிட்டேன் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து, நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று மெல்லச் சொன்னார். இரவல் பாட்டைப் பதிவது இங்கே சட்டப்படி குற்றமாம். எனக்கு நன்மை செய்துவிட்டதாக நினைத்துக் கண்ணையும் சிமிட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. எனக்கு இப்போது இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது, வேலை இருக்கிறது. அந்தக் குழு பிறகு வெளியிட்ட எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். இந்த நான்கு பாட்டுக்குக் கிட்டவும் ஒன்றும் நிற்காது என்று யாரோடும் வாதாடுவேன். ஆனால் இதை மட்டும் கடையில் வாங்கவில்லை. ரயிலில் வேலைக்குப் போகும்போது அந்தக் கசெற்றைத்தான் வோக்மனில் போடுவேன். கடைசிப் பாட்டில் ஊர் முழுதும் மூழ்கிப்போகும். பிறகு ஏழு நிமிடம் லண்டன்: ஹீற்றர் கடகடக்கும், தெருவில் ஒரு பஸ் நின்று புறப்படும், ஒருவன் மூச்சு விடுவான். அந்த ஏழு நிமிடத்துக்குள் ஓர் ‘ஓம்’ சொல்ல எவ்வளவோ இடம் இருந்தது. நாடா முடிந்ததும் வோக்மன் தானாகவே பக்கம் மாற்றும். சைக்கிள் சில்லுச் சுற்றும் சத்தம் வரும்.

“அண்ணை, கேக்குதோ?”

அதோடு நிறுத்திவிடுவேன்.