முராதைக் கொல்லச் சொன்னார்கள்

1. டீக்கடையில் ஒரு கொலைத் திட்டம்

“சார், முராதைக் கொன்னுடுங்க” என்றாள் நிவேதா.

போளூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். “கொன்னுடலாம்மா, எப்படிக் கொல்றதுன்னுதான் தெரியல” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் மெதுவாக நாலடி தள்ளிப் போய் நின்றார். டீ மாஸ்டருக்கு என்னை ரொம்ப வருஷமாகத் தெரியும், அதனால் பிழைத்தேன்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு போனில் கேட்கிற ஆடியோ தொடர்களுக்குக் கதை எழுதுகிறேன். நிவேதா சென்னை ஆபீசில் இருக்கிற எடிட்டர். என்னைவிட ரொம்பச் சின்னவள். ஆனால் என் கதையில் யார் வாழ்வது, யார் சாவது என்பதை அவள் போனில் சொல்வாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு எபிசோடும் ஒரு ஹூக்கில் முடிய வேண்டும். அதாவது, கேட்கிறவன் ‘ஐயோ, அடுத்தது என்ன’ என்று தவிக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். எனக்கு இது கஷ்டமாக இல்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வருகிறதா, மாடு வருகிறதா என்று தெரியாமல் ஹாரன் அடித்தே வேலை பார்த்தவன் நான்.

தொடரின் பெயர் ‘வெள்ளிக் கடிவாளம்’. ஆற்காட்டு நவாப் காலத்துக் கதை. முராத், நவாபின் குதிரைப்படைக்குச் சேணம் தைக்கிறவன். வேங்கன், ஜவ்வாது மலையில் காவல் இருக்கிறவன். நவாபின் குதிரைக்குப் பூட்டுகிற வெள்ளிக் கடிவாளம் காணாமல் போகிறது. பழி முராத் மேல் விழுகிறது. உண்மையில் திருடியவன் படைத் தளபதி. முராத் மலைக்கு ஓடி வருகிறான், வேங்கன் அடைக்கலம் தருகிறான். இருவரும் சேர்ந்து திருடனைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்.

இரண்டு பேரும் நண்பர்கள் என்றுதான் ஆபீசில் நினைத்திருந்தார்கள். ஓடி வந்த முராதின் காலில் முள் குத்தியது, வேங்கன் எடுத்துவிட்டான். முள் எடுக்க ஒரு நிமிஷம் போதும். நான் ஒரு முழு எபிசோட் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நிவேதா போன் செய்தாள்.

“சார், இவங்க ஃபிரெண்ட்ஸ்தானே?”

“இல்லம்மா.”

“ஓ.” ஏதோ குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. “சூப்பர் சார். எழுதுங்க.”

நல்ல பெண். எழுத விட்டாள். ஜனங்களும் விழுந்து விழுந்து கேட்டார்கள். இப்போது கடைசிக் கட்டத்துக்கு வந்ததும்தான் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“இந்த மாதிரி காதல்னா முடிவுல ஒருத்தர் சாகணும் சார். அப்பதான் அழுவாங்க. அழுதாதான் நாலு பேருக்கு அனுப்புவாங்க.”

“ரெண்டு பேரும் பொழைச்சா?”

“யாரும் நம்ப மாட்டாங்க சார். மேல கறாரா சொல்லிட்டாங்க. சாவு இல்லைன்னா தொடரை இதோட நிறுத்திடுவாங்க.”

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

2. பஷீர்

அடுத்த போன் நான் பஷீருக்குப் போட்டேன்.

பஷீர் யார் என்று சொல்ல வேண்டும். வாணியம்பாடியில் பெல்ட்டும் பர்சும் தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். வாலிபத்தில் பெல்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வருவான். திரும்பும்போது, சுற்று வழியானாலும், போளூர் வழியாக என் பஸ்ஸில்தான் மலை இறங்குவான். ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்று எழுதியிருக்கும் போர்டுக்கு நேர் கீழே, இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவான். பஸ்ஸே எங்களைப் பார்த்துச் சிரித்தது. யாராவது கேட்டால் “ஃபிரெண்டு” என்போம். முப்பது வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஓட்டிவிட்டோம். ஃபிரெண்டு இல்லை. எனக்கு எல்லாமே அவன்தான். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

முராதின் தொழில் அத்தனையும் பஷீர் சொன்னது. தினமும் பட்டறையில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டு கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தொடரைக் கேட்பான். சாயங்காலம் போன் வரும். “குதிர சேணத்துக்கு ஆட்டுத் தோலு போட்டான்னு எழுதிகீறியே, உனுக்கு மூள கீதா? எனுக்கு மத்தியானம் சோறே எறங்கல” என்று கத்துவான்.

நிவேதா சொன்னதைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“கொன்னுட்டேன்னா நான் இனிமே கேக்க மாட்டேன் மாணிக்கம்.”

“கதைதானே பஷீர்.”

“கதைதான். இல்லேன்னு யாரு சொன்னா? நம்மள மாதிரி ரெண்டு பேரு கடைசி வரைக்கும் உசுரோட, ஒண்ணா கீற கதைய ஒரே ஒரு தபா கேட்டுட்டுப் போய்டணும்னு ஆச. எனுக்கு யாருமே சொல்லல. நீயாவது சொல்லுவேன்னு பாத்தேன்.”

வைத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி எனக்கும் சோறு இறங்கவில்லை.

3. சித்திரையில் ஓர் அருவி

இதற்கு நடுவில் நான் வேறொரு வம்பை இழுத்து வைத்திருந்தேன். கடைசியாக வந்த எபிசோடில் முராதும் வேங்கனும் தளபதியின் ஆட்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் வாள்கள். முன்னால் ‘இடியென முழங்கும் அருவி’. இருவரும் கைகோத்து விளிம்பில் நிற்கிறார்கள். அங்கே ஹாரன் அடித்து நிறுத்தியிருந்தேன். தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பிக்க வைப்பதாக என் திட்டம்.

மறுநாள் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பெண் கமெண்ட் போட்டிருந்தாள்: “ஐயா, இப்போ உங்க கதைல சித்திரை மாசம். சித்திரைல எங்க அருவியில வாய் கொப்பளிக்கக்கூடத் தண்ணி வராது. இவங்க ரெண்டு பேரும் எதுல குதிக்கப் போறாங்க?”

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அந்த மலையில் அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன் செய்கிற தப்பா இது? செய்வான். டிரைவருக்கு பஸ் ஸ்டாண்டு தெரியும், அருவிக்கு எவன் இறங்கிப் போனான்? மாசத்தை மாற்றலாம் என்றால், இருவரும் பலாப்பழம் உரித்துத் தின்கிற காட்சிதான் தொடரிலேயே பேர் வாங்கிய காட்சி. ஐப்பசியில் பலாப்பழத்துக்கு எங்கே போவது? கோடை மழை பெய்தது என்று ஒரு வரி போடலாம் என்றால், குதிரைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லையென்று மூன்று எபிசோட் ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

நிவேதாவுக்கோ ஒரே குஷி. “செம சார்! தண்ணி இல்லைன்னா பாறைல விழுந்து ரெண்டு பேருமே காலி. டபுள் அழுகை!”

பஷீரைக் கூப்பிட்டேன். “மலைக்கு வர்றியா?”

“இன்னாத்துக்கு?”

“முராதைக் காப்பாத்தணும்.”

“காலையில மொத வேலையா ஆலங்காயம் பஸ்ஸப் புட்ச்சு மேல வந்துடறேன். நீ அந்தாண்டருந்து ஏறி வா.”

4. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இறங்கியது

ஜமுனாமரத்தூரில் இறங்கிய பஷீரின் தோளில் ஒரு பை. திறந்து காட்டினான். உள்ளே ஒன்றோடு ஒன்று பக்கிள் மாட்டிய பெல்ட்டுகள், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தன.

“கயிறு கொணாந்திருக்கலாம்ல?”

“இப்போ விக்கிறது பூரா நைலான் கயிறு. முராத் காலத்துல நைலான் ஏது? செய்றத ஒழுங்கா செய்யணும்” என்றான்.

அருவிக்குப் போனோம். அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு. குழாயை லேசாகத் திறந்த மாதிரி ஒரு கோடு தண்ணீர் பாறையில் வழிந்தது. கீழே குட்டை இருக்க வேண்டிய இடத்தில் சருகு. விளிம்பில் நின்று பெல்ட்டை ஒரு மரத்தில் கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் கூடை வைத்து வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

“எறங்குறதுக்குப் படி கட்டிகீறாங்க சார், அந்தாண்ட.”

“நாங்க இருநூறு வருசத்துக்கு முன்னால எறங்குறோம்மா” என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பஷீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “வெயிலு ஜாஸ்திதான். ஆளுக்கு ஒரு வெள்ளரிக்கா துன்னுட்டு எறங்குங்க” என்றார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம்.

நான் முதலில் இறங்கினேன். கனமான சரீரம், வயசான முட்டி. பஷீர் மேலே பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, “பக்கிள் கத்துதுய்யா, சோத்தக் கொறைன்னா கேக்குறியா” என்று திட்டிக்கொண்டே இருந்தான். ஓர் ஆள் உயரம் இறங்கியதும் கால் ஒரு திட்டில் பட்டது. திட்டில் நின்று திரும்பினேன். பாறை உள்வாங்கியிருந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மழைக்காலத்தில் அதன் முன்னால்தான் அருவி விழும் போலிருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து, “பஷீர்!” என்று கூப்பிட்டேன்.

“எங்கய்யா கீறே?”

“இங்கதான்.”

“இங்கன்னா எங்க? தெரியலியே! மாணிக்கம்! யா அல்லா, மாணிக்கம்!”

அவன் குரல் உடைந்துவிட்டது. நான் பதில் சொல்வதற்குள் பெல்ட்டைப் பிடித்துச் சறுக்கி, பேண்ட்டின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, திட்டில் வந்து விழுந்தான். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான். “ஒரு கொரல் குடுத்தா இன்னாடா? நீ செத்துட்டேன்னு நெனச்சேன். பேஜாரு புட்ச்சவனே!”

பதில் கொடுத்தேன் என்று சொன்னால் அடிப்பான். பேசாமல் வெள்ளரிக்காயை நீட்டினேன்.

உள்ளே ஜில்லென்று இருந்தது. தின்றுகொண்டிருக்கும்போது மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. சுற்றுலா வந்த வாலிபர்கள். ஒரு காலித் தண்ணீர் பாட்டில் எங்கள் மூக்குக்கு முன்னால் விழுந்து போய்ச் சருகில் உருண்டது. “இங்க ஒண்ணுமே இல்லடா மச்சி. வேஸ்ட்டு. வா போலாம்” என்றான் ஒருவன். ஒண்ணுமே இல்லையாம். நாங்கள் இருவரும் அவன் காலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறோம். பஷீர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். வீட்டுக்கு வெளியே அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவன் சிரிப்பை நிறுத்தினான், கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “முராத் இங்க ஒளிஞ்சிக்கட்டும். நல்ல எடம். ஆனா ஒண்ணு, இங்கியே கெடக்க வெச்சுடாத. வெளிய கொணாந்துடு. ஒளிஞ்சிகினு பொழைக்கிறது ஒரு பொழப்பா?”

“கொணாந்துடறேன்” என்றேன்.

ஏறுவதுதான் பெரும்பாடு. மேலேயிருந்து வெள்ளரிக்காய் அம்மாவின் முகம் எட்டிப் பார்த்தது. “இருநூறு வருசம் முடிஞ்சுதா சார்?” என்று கேட்டார். அவரும் அங்கே நின்ற இரண்டு பேரும் சேர்ந்து எங்களைப் பெல்ட்டோடு இழுத்துப் போட்டார்கள்.

5. இருவரின் மரணம்

அடுத்த எபிசோடுக்கு நிவேதா கேட்டபடியே ‘இருவரின் மரணம்’ என்று பெயர் வைத்தேன். முராதும் வேங்கனும் விளிம்பைத் தாண்டி மறைகிறார்கள். தளபதி எட்டிப் பார்க்கிறான். வெறும் பாறை. “ஒழிந்தார்கள். இறங்கித் தேட வேண்டாம், திரும்புங்கள்” என்று ஆட்களை அனுப்பிவிடுகிறான். ஊரெல்லாம் பறையறைகிறார்கள். அங்கே நிறுத்தினேன்.

“ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டோம் சார். தேங்க்ஸ் சார்” என்றாள் நிவேதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் எபிசோடில், ஆட்கள் போன பிறகு தளபதி தனியாக விளிம்பில் நிற்கிறான். திருட்டுப் பொருள் இனித் தன்னிடம் இருந்தால் ஆபத்து, செத்தவர்களோடு போகட்டும் என்று இடுப்பிலிருந்து வெள்ளிக் கடிவாளத்தை எடுத்துக் கீழே எறிகிறான். அது ஒரு பாறையிடுக்கில் உட்கார்ந்திருக்கிற முராதின் மூக்குக்கு முன்னால் விழுகிறது. வேங்கனின் கை நீண்டு அதைப் பிடிக்கிறது.

போன் வந்தது. “சார்! செத்தவங்க எப்படி சார் கை நீட்டுறாங்க?”

“செத்தாங்கன்னு தளபதிதானே சொன்னான்? நான் எங்கம்மா சொன்னேன்?”

அவள் சிரித்தாள், நிறுத்தாமல் சிரித்தாள். “மேல நான் என்ன சார் சொல்லட்டும்?”

“அழுதவங்கல்லாம் இப்ப என்ன பண்றாங்கன்னு கேட்டுச் சொல்லு.”

“எங்க அக்கா காலைல இருந்து போன் பண்ணிக் கத்துறா சார், சந்தோஷத்துல. சரி, மேல நான் பார்த்துக்கிறேன். நீங்க முடிங்க” என்றாள்.

முடித்தேன். கடிவாளம், அதில் சிக்கிய தளபதியின் இடுப்புக் கச்சை நூலோடு நவாபிடம் போய்ச் சேர்கிறது, தளபதி மாட்டுகிறான். முராதும் வேங்கனும் நட்டநடுப் பகலில், சந்தைக்கு நடுவே, சேர்ந்து நடந்து போகிறார்கள். மலையில் தோல் கடை போட்டு, பின்கட்டில் குடியிருந்து, சண்டை போட்டுக்கொண்டே கிழவர்களாகிறார்கள்.

கடைசி எபிசோட் வந்த அன்று பஷீரின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஆட்கள் தோல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பஷீர் இயர்போனை எடுத்தான், காது வரைக்கும் கொண்டு போனான். பிறகு சுருட்டி டிராயரில் போட்டான். போனை மேஜை மேல் வைத்துச் சத்தத்தை முழுசாகக் கூட்டினான். பட்டறை பூராவும் முராத், வேங்கன் குரல் கேட்டது.

கேட்டுக்கொண்டே தோல் வெட்டிய மூத்த கட்டர் கத்தியை நிறுத்தினார். “இன்னா பாய், ரெண்டு ஆம்பளைங்க குடும்பம் பண்றாங்களா?”

“ஆமா” என்றான் பஷீர்.

“தோலு வேலைய மட்டும் கரெக்டா சொல்றான்யா. யாரு எழுதனது?”

“இவருதான்.” பஷீர் என்னைக் காட்டினான். நான் ‘ஃபிரெண்டு’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். “எங்க வூட்டு ஆளு” என்றான்.

கட்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அப்போ ஒரு டீ எச்சாவா சொல்லட்டா பாய்?” என்று கேட்டுவிட்டுத் தோலை வெட்டப் போய்விட்டார்.

எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவனைக் கொல்லச் சொல்லி போன் வந்தால் உடனே உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். அவன் பிழைப்பதற்கு அங்கே எங்கேயாவது இடம் இருக்கும். கண்டுபிடித்த பிறகு அவனை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள்.